குழாயின் நீளம்

ஆக்சிஜன் இயந்திரத்தைக் கூடத்தின் நடுவில் வைத்த அன்றே, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன், மூக்கில் மாட்டிய குழாய் போகும் தூரம்வரை நடந்து தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார். “இயந்திரம் மையம், குழாய் ஆரம். இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு நான் கெடையாது, செண்பகம்.” ஓரத்திலிருந்து எதிர் ஓரம்வரை விட்டம், இரண்டு குழாய் நீளம். அதை நடக்க, நடுவில் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது அவருக்கு. தெருவைப் பார்க்கட்டுமே என்று செண்பகம் ஒருநாள் இயந்திரத்தை வாசல்பக்கம் நகர்த்தினாள். வாசல் வட்டத்துக்குள் வந்தது, கட்டில் வெளியே போனது. “வட்டம் நகரும், வளராது” என்றார் கணவர். பழைய இடத்துக்கே தள்ளினாள். மின்சாரம் போனால் இயந்திரம் கத்தும். ஓடிவந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மூன்று வருஷமாக அந்தச் சத்தம் கேட்காத இடத்துக்கு அவள் போனதில்லை. இன்றும் தெருவில், அந்தச் சத்தம் எட்டும் கடைசி மின்கம்பத்தருகே அவள் கால்கள் தாமாக நின்றன. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த கீரைக்காரி கூப்பிட்டாள். “என்னக்கா, அங்கனயே நிக்கிறிய? நாலடி வரப்பிடாதா?”

செண்பகம் அசதியோடு தலையாட்டினாள். “வர முடியாதும்மா. குழாய் எட்டாது.”