தையலுக்குப் பழகிய கண்

கண் அழுத்த நோயில் செத்தது போக, துளசிமணியின் விழித்திரையில் மிஞ்சிய நரம்புச் செல்களைத் தையல் பிழை பார்க்கவே பழக்கி வைத்திருந்தது பனியன் கம்பெனி. ஒற்றை நூல் பிரிந்திருந்தாலும் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் நர்மதாவின் முகம் மட்டும் வெறும் கலங்கல்.

அந்தப் பழக்கத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்க வீட்டாள் ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நர்மதா, கம்பெனி மேலாளர் நீட்டிய படிவத்தை வரி விடாமல் படித்தாள்.

“இதுக்கப்புறம் செல்லைத் திருப்பிப் பழக்க முடியாதுன்னு போட்டிருக்கே?”

“இதையெல்லாம் யாரும்மா படிக்கறாங்க?” என்று மேலாளர் சிரித்தார். “இருக்கறதே கொஞ்சம் செல்லு. மொகம் பாக்கறதுக்குக் குடுத்துட்டா தையலுக்கு மிஞ்சாது. அப்புறம் அம்மாவை எப்படி வேலைக்கு வெச்சுக்கறது?”

“உங்க பொண்டாட்டி கண்ணை இப்படிப் பழக்குவீங்களா?”

மேலாளர் பேனாவை நர்மதாவின் பக்கம் நகர்த்தினார்.

“போடு அம்மிணி,” என்றாள் துளசிமணி. “இந்த வேலையும் போனா என்னைய எவன் கூப்புடுவான்? உன்ற மொகம் எனக்கு மனப்பாடம்.”

“எங்கே, சொல்லு பாக்கலாம்.”

“ரெட்டைச் சடை. கன்னம் நெறையப் பரு.”

அது பத்தாம் வகுப்பு முகம். நர்மதாவுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. முடியைக் கழுத்தோடு வெட்டி நான்கு வருடம் ஆகிறது.

படிவத்தின் குறுக்கே ‘சம்மதமில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பெரிதாக எழுதி, மேலாளர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“அடிப் பாவி, என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!”

“திட்டும்மா, நல்லாத் திட்டு. ஆனா என் மொகத்தைப் பாத்துத் திட்டு.”