அப்பா கத்துவார்

“யார் வேணா வாங்க. அப்பா மட்டும் வேண்டாம்” என்றாள் பிரைடி.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கறி ரோஸ்டை அறுத்துக்கொண்டிருந்த அப்பா டேரில் கத்தியைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை பிரைடிக்கு ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் டெஸ்ட். அதில் தேறினால்தான் தனியாகக் கார் ஓட்டலாம். தனியாக ஓட்டினால்தான் பக்கத்து ஊரான விண்டனில் பேக்கரியில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போகலாம். விடிகாலையில் அங்கே பஸ் கிடையாது.

அதுவரை அவள் எல் போர்டு. டெஸ்டுக்கு ஓட்டிப் போகவும் பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இத்தனை நாள் உட்கார்ந்தவர் தாய்மாமா வேய்ன். நேற்று ஏணியிலிருந்து விழுந்து, இப்போது முன் சீட்டில் மடக்கி உட்கார முடியாத மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டியிருந்தார்.

“பெத்த அப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார். அவரை விட்டுட்டு வேற யாரைத் தேடப் போறே?” என்றாள் அம்மா ரேலீன். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்று லைசென்ஸே எடுக்காதவள் அவள்.

“அப்பா கத்துவாரும்மா. அப்புறம் எனக்குக் கையும் ஓடாது, காரும் ஓடாது.”

வேய்ன் சிரித்தார். “கேட்டீங்களா மச்சான்? கிளப்புல வர்றவன் போறவனுக்கெல்லாம் கண்ணாடியைப் பாரு, சிக்னலைப் போடுன்னு கிளாஸ் எடுக்கறீங்க. சொந்தப் பொண்ணு உங்களுக்கு சீட்டே தரமாட்டேங்குது.”

டேரில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “போகட்டும் விடுங்க. அதுக்குப் பிடிக்கலைன்னா நான் என்ன பண்றது?”

குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் விட்டார். உள்ளுக்குள் மகளைத் தோளில் தூக்கி வைத்து ஆடலாம் போலிருந்தது.

ஏனென்றால் டேரிலிடம் இருப்பதும் ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ்தான்.

எல் போர்டு, ரெஸ்ட்ரிக்டட், முழு லைசென்ஸ் என்று மூன்று படி. இளவயதில் இரண்டாவது படி ஏறியவர், மூன்றாவதற்கான டெஸ்டில் ரவுண்டானாவில் சொதப்பித் தோற்றார். அடுத்த மாதம் மறுபடி போகலாம் என்று விட்டார். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. அப்படி நடுப்படியில் உட்கார்ந்துவிட்டவர்கள் அந்த இன்வர்கார்கில் ஊரில் வேறு பலரும் உண்டு. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஊருக்கு உபதேசம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

மனைவியையும் சொந்தப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளச் சட்டம் விட்டதால் பிழைப்பு ஓடியது. பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அந்த அரை லைசென்ஸையே புதுப்பித்துக்கொண்டு வருவார். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது என்பதால் எந்த விருந்திலிருந்தும் ஒன்பதரைக்கே கிளம்பிவிடுவார். “என் வீட்டுக்காரர் மாதிரி ஒழுக்கம் யாருக்கு வரும்?” என்று ரேலீன் பெருமை பேசும்போது அவருக்குக் கொஞ்சம் கூசும். கொஞ்சம்தான்.

“அப்பா மூஞ்சி எப்படி வாடிப்போச்சு பாரு. மன்னிப்புக் கேளு” என்றாள் ரேலீன்.

“சாரிப்பா” என்றாள் பிரைடி, தட்டைப் பார்த்தபடி. “ஆனா வேண்டாம். பக்கத்து வீட்டு ஹெட்டியைக் கேட்டுப் பாக்கறேன். அவங்க வரலைன்னா டெஸ்ட் போனாப் போகுது.”

“வேலையும் போயிடுமேடி. ஹெட்டி வந்தாலும் கார்ல மூணு நாயும் கூட வருமே?”

“நாய் கத்தினா எனக்குப் பரவாயில்லை.”

“நாய்க்கு இருக்கற மரியாதைகூட உங்களுக்கு இல்லையே மச்சான்” என்றார் வேய்ன்.

டேரில் ஒரு பெருமூச்சு விட்டார். நன்றாகவே வந்தது. நடிக்க நடிக்க அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. தலை தப்பியது என்று இருக்க வேண்டியவர், மானம் போய்விட்டதே என்று நினைக்க ஆரம்பித்தார்.

சாப்பாடு முடிந்து பிரைடி பாத்திரம் கழுவ, அவர் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

“ஏம்மா, நான் உன்கிட்ட என்னிக்காவது கத்தியிருக்கேனா?”

“இல்லைப்பா.”

“பின்னே? நாலு பேர் முன்னாடி இப்படி மானத்தை வாங்கிட்டியே. வேலையைவிட உனக்கு அப்பா மேல அவ்வளவு வெறுப்பா?”

பிரைடி கதவுப் பக்கம் பார்த்தாள். குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

“போன வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல காட்டிப் பார்சல் வாங்கிட்டு வரச் சொல்லி உங்க லைசென்ஸ் கார்டைக் குடுத்து அனுப்பினீங்க, ஞாபகம் இருக்கா?”

“ஆமா, அதுக்கென்ன?”

“முழு லைசென்ஸ்னா கார்டு பச்சையா இருக்கும்பா. உங்களது மஞ்சள்.”

டேரில் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

“அன்னிலேருந்து நீங்க கத்துவீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்” என்றாள் பிரைடி மெதுவாக. “நீங்க கத்தி ஒரு நாளும் கேட்டதில்லையேன்னு அம்மாவுக்கு இப்பல்லாம் சந்தேகம் வருது. அவங்களுக்குக் கேக்கற மாதிரி ஒரே ஒரு தடவை கத்திடுங்கப்பா.”