மூன்றாம் மாடி மோட்டர்

முதலாவது குற்றம்: பெப்ரவரி மாதக் கூட்டத்துக்கு ஜீவராணி வரவில்லை. இரண்டாவது: மார்ச்சில் பல்கனியில் துணி காயப்போட்டு, கீழ்வீட்டு மெற்றில்டாவின் ஜன்னலில் தண்ணீர் சொட்டவிட்டாள். மூன்றாவது: ஏப்ரலில் அவள் வீட்டிலிருந்து ஈயம் உருக்கும் நாற்றம் வந்தது. நாலாவது: மே மாதம் முழுக்க, வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் நாலு மணிக்கு மோட்டர் சத்தம்.

நாலாவதுதான் பெரியது. கொட்டாஞ்சேனையின் அந்த மாடிக் குடியிருப்பில் கள்ளமாக மோட்டர் பூட்டிக் குழாய்த் தண்ணீரை உறிஞ்சினால் ஒரு மாதத் தண்ணீர் வெட்டு.

எல்லாவற்றையும் குறித்து வைத்தவர் பக்கத்து வீட்டு நாகேந்திரம். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் தொழிற்சங்கம் நடத்தியவர். சங்கம் கலைந்தது, தலைவர்கள் கார் வாங்கினார்கள், இவருக்கு மிஞ்சியது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி.

இந்த வெள்ளி இரண்டு சாட்சிகளோடு போய்க் கதவைத் தட்டினார்.

“சத்தம் கேக்குதோ?”

“நல்லாக் கேக்குது,” என்றார் மெற்றில்டா. “அங்க என்ர பைப்பில ஒரு சொட்டு வரேல்ல.”

“கெதியா முடிங்க செக்ரட்டரி,” என்றார் மற்றச் சாட்சி புவாத். “கடையத் தொறந்து போட்டுட்டு வந்தீக்கிறன்.”

சத்தம் நின்றது. ஜீவராணி கதவை ஒரு சாண் திறந்தாள். கண்களைச் சுற்றி ஏதோ அழுத்திய சிவப்புக் கோடு.

“மோட்டரை எடுத்து வெளியில வை பிள்ளை.”

“தண்ணி மோட்டர் இல்லை அங்கிள்.”

“நான் காதால கேட்டனான்.”

அவள் மற்ற இருவரையும் பார்த்தாள். “நீங்கள் மட்டும் வாங்கோ.”

குசினியில் மோட்டர் இல்லை. குளியலறையில் இல்லை. கட்டிலில் ஒரு வீஆர் கண்ணாடி, தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்கிட் போர்ட், வயர்கள், துவாயில் சுற்றிய ஏதோ ஒன்று.

நாகேந்திரம் துவாயின் நுனியைப் பிடித்தார்.

“வேண்டாம் அங்கிள்.”

“அப்ப சாட்சிகளைக் கூப்பிடட்டோ?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “மோட்டர் அதுக்குள்ளதான். சின்னது. என்ர மனுசன் சிவமணி டோகாவில இதே மாதிரிக் கண்ணாடியைப் போட்டா எங்கட அறை தெரியும். அவர் அங்க கையை அசைச்சா இது இங்க அசையும். அவர் போனில சொல்லச் சொல்ல நான்தான் ஈயம் வச்சு ஒட்டினனான்.”

“எதுக்கு?”

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“புருசன் பெண்சாதிக்கு அங்கிள்.”

துவாய் கையிலிருந்து நழுவியது. கட்டிலில் கிடந்த கண்ணாடிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது: “ராணி... கனெக்சன் போயிட்டுதே? ராணி?”

நாகேந்திரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன், அவன் லீவில வாறேல்லையோ?”

“பாஸ்போட் கொம்பனிக்காரனிட்ட. ரெண்டு வருசமா விடுறான் இல்லை. அறையில ஆறு பேர். வெள்ளிக்கிழமை மற்ற ஆக்கள் வெளியில போற இந்த ஒரு மணித்தியாலம்தான்.”

முதலாளி உழைப்பைத் திருடுவதைப் பற்றி நாகேந்திரம் நூறு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறார். கட்டிலைத் திருடுவதைப் பற்றி ஒன்றும் எழுதியதில்லை.

“வெளியில சொல்லிப்போடாதேங்கோ அங்கிள். என்ர தண்ணியை வெட்டுங்கோ. மோட்டர் எண்டே எழுதுங்கோ.”

“என்ன எழுதிறது எண்டு எனக்குத் தெரியும். நீ தம்பியைக் காக்க வைக்காத.”

வெளியே வந்து கதவை இறுக்கச் சாத்தினார்.

“பிடிச்சாச்சோ?” என்றார் மெற்றில்டா.

“பிடிச்சாச்சு.”

“நான் சொன்னனே! பேரை எழுதுங்கோ. ஒரு மாசம் வாளியோட அலையட்டும்.”

படிக்கட்டில் குந்தி அறிக்கையை எழுதினார். சங்க விதிப்படி எழுந்து நின்று உரக்க வாசித்தார்:

“ஜீவராணி வீட்டில் மோட்டர் இல்லை. சத்தம் பொதுச் சுவரால் கடத்தப்பட்டது. மோட்டர் இருப்பது சுவருக்கு மற்றப் பக்கம். ஒரு மாதத் தண்ணீர் வெட்டுக்கு உரியவர்...”

கையெழுத்துப் போடப் புவாத் பேனையோடு கிட்ட வந்தார்.

“...மூன்றாம் மாடி, இரண்டாம் இலக்கம், கந்தையா நாகேந்திரம்.”