இடது கண்ணின் கடல்

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கடல் சரியாக இருந்தது.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கடலா அது, துணிக்கடை விளம்பரம். அப்படியொரு மயில் நீலம். மேலே வானம் கத்தரிப்பூ நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது.

ஒரே படம்தான். இப்போதுதான் இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்தது.

வலது கண்ணில் புரை நீக்கி எட்டு நாள் ஆகிறது. உள்ளே இருந்த லென்ஸ் பழுப்பேறி, தேநீர் வடிகட்டி மாதிரி ஆகியிருந்ததாம். "இதை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா கலர் பார்த்தீங்க?" என்று டாக்டர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலர் பார்ப்பதுதான் என் தொழில்.

சுற்றுலா போய் வருகிறவர்கள் தங்கள் படங்களை என்னிடம் தருவார்கள். திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைத்து, பளபளப்புத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பேன். என் கடல் மாதிரி யாருக்கும் வராது என்று பெயர். கடல்காரர் என்றே கூப்பிடுவார்கள். அது கைப்பக்குவம் என்று நானும் நம்பிவிட்டேன்.

கட்டு அவிழ்த்த அன்று வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு அறைச் சுவர் நீலத்தில் அலறியது. நானே கலந்து, நானே அடித்த வண்ணம்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"அவ்வளவு ஆசையா அடிச்சீங்க, எப்படிச் சொல்றது?" என்றாள் மனைவி. "மொத வாரம்தான் கண்ணு கூசிச்சு. அப்புறம் பழகிடுச்சு."

நாளைக் காலை இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதோடு கடல்காரர் கதை முடிந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று எட்டு நாளாக ஒரு யோசனை. இத்தனை வருஷம் ஊரையே ஏமாற்றியிருக்கிறோமே என்று இன்னொரு யோசனை.

இந்த நிலையில்தான் இந்தப் பெண்மணி வந்தார். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவர். ஆறு வருஷத்துக்கு முன் நான் அச்சிட்டுக் கொடுத்த படம், சுவர் ஈரத்தில் ஊறிப் பாழாகிவிட்டது. அதே போல இன்னொன்று வேண்டும் என்றார்.

வருகிற படங்களை எல்லாம் தேதி வாரியாகக் கணினியில் வைத்திருக்கிறேன். நிறம் திருத்தியதை மட்டும் வைப்பதில்லை. கண் இருக்கும்போது அது எதற்கு என்ற திமிர்.

ஆகவே இப்போது இரண்டு அச்சிட்டேன். இடது கண்ணை நம்பி ஒன்று. வலது கண்ணை நம்பி ஒன்று.

வலது கண்ணின் படத்தில் கடல் சாம்பலாகக் கிடந்தது. வானம் முழுக்க மேகம். சூரியன் இருந்ததற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு மங்கல் வெளிச்சம். முன்னால் அவரும் அவர் கணவரும். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம், அவ்வளவு இடைவெளி.

அதைத்தான் முதலில் நீட்டினேன். இது எந்த ஊர்க் கடல் என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று திட்டம்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு இப்படியேதாங்க இருந்துச்சு," என்றார். "மூணு நாளும் மழை மூட்டம். அறைக்குள்ள ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்காம உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்ததும் அவங்கவங்க வழின்னு பேசி முடிச்சாச்சு."

மேசைமேல் இருந்த இன்னொரு படத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

"படத்தை வாங்க ரெண்டு பேரும் இங்க வந்தோம். உறையைப் பிரிச்சா, இது. எங்க வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் கேட்டார், 'நாம இவ்வளவு நல்ல எடத்துக்கா போயிருந்தோம்?' எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு. உங்க கடையிலதான், இதோ இந்த எடத்துலதான்."

நீலப் படத்தை உறையில் போட்டுக்கொண்டார். சாம்பல் படத்தை என் பக்கம் தள்ளினார்.

"இது எனக்கு ஞாபகத்துலயே இருக்கு. படம் எதுக்கு?"

வாசல் வரை போனவர் திரும்பினார். "அடுத்த மாசம் மலைக்குப் போறோம். நீங்கதான் போட்டுத் தரணும். இதே மாதிரி."

"நாளையிலேர்ந்து இங்க வேற ஒருத்தர் இருப்பாரும்மா."

"புது ஆளா? எப்படி?"

"நல்ல மனுஷன்தான். கண்ணுதான் கொஞ்சம் தெளிவு."

கேலி செய்கிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

வெளியே உச்சி வெயில். தெரு சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது.

உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

தெரு முழுவதும் பொழுது சாய்ந்தது. எதிர்ச் சுவர், சாய்த்து நிறுத்திய சைக்கிள், அவர் அக்குளில் இடுக்கிய உறை, எல்லாவற்றின் மேலும் தேன் நிற வெளிச்சம். காலையில் பல் தேய்க்கும்போதும், மதியம் சாப்பிடும்போதும், இத்தனை வருஷமாக எனக்கு இந்த வெளிச்சம்தான் இருந்திருக்கிறது. அந்தி என்று தெரியாமலே அதற்குள் உட்கார்ந்து, அடுத்தவர்களின் அந்திக்கு நிறம் போதவில்லை என்று அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன்.

அவர் அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போய், தெரு முனையில் திரும்பி மறையும் வரை கையை எடுக்கவில்லை.

கடைச் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை.