ஒற்றை மீசைக் கெளுத்தி

"அண்ணே, சீக்கிரம் பையை விரிங்க. யாராவது பார்த்துடப் போறாங்க."

விடிந்தும் விடியாத சந்துக்குள் அந்தப் பெண் அவசரப்படுத்தினாள். வாங்க வந்தவரோ ஈரச்சாக்கில் கிடந்த கெளுத்தியை நிதானமாக முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீளம் சரிதான். ஒரு பக்க மீசையைக் காணோமே?"

"மீன்தானே கேட்டீங்க, மாப்பிள்ளையா கேட்டீங்க? எங்க வீட்டுக்காரர் தூண்டில்ல நேத்து மாட்டினது. எடுங்கண்ணே, பத்து மணிக்கு அவரோட ஒரு இடத்துக்குப் போகணும்."

மீன்கள் முட்டையிடும் தடைக்காலம். ஏரியில் மீன் பிடித்தாலே வழக்கு. அது தெரியாத ஆளா அவர்? கோர்ட்டில் சான்றுப் பொருள் அறைக்கே அவர்தான் காப்பாளர்.

போன வாரம் ஏரியில் திருட்டுத்தனமாக மீன் பிடித்த ஒருவனின் வலையும், அதில் சிக்கிய கெளுத்தியும் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தன. முந்தாநாள் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது. மேலே சொல்லியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

"செம ருசிப்பா!" என்று மகள் விரலைச் சூப்பியபோதுதான் அவருக்கு உறைத்தது. அடப்பாவி, சாட்சியையே வறுத்துத் தின்றாயிற்றே! தெரிந்தால் வேலை போய்விடும். அதே நீளத்தில் இன்னொன்றைத் தேடித்தான் இந்தச் சந்துக்கு வந்திருந்தார்.

அன்று காலை கோர்ட்டில் மேசைமேல் வலையும் பக்கத்திலேயே தட்டில் மீனும் இருந்தன. கூண்டில் நின்றவனின் கிழிந்த காலரைப் பார்க்கப் பார்க்கக் காப்பாளருக்கு மனசு உறுத்தியது. நான் தின்ற மீனுக்கு இவன் உள்ளே போகணுமா? நானெல்லாம் ஒரு மனுஷனா? தன்னையே திட்டிக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

நீதிபதியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இங்க பாருப்பா. பொய் சொன்னா ஜெயில். உண்மையை ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடலாம். நல்லாப் பார்த்துச் சொல்லு, இது நீ பிடிச்ச மீன்தானா?"

அவன் எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று. இல்லை என்று சொல்லித் தொலைத்துவிடுவானோ? காப்பாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நான் பிடிச்சதுதாங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டான் அவன்.

அப்பாடா! காப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு ஏழை மாட்டிக்கொண்டதில் இப்படி ஒரு நிம்மதியா என்று கூசவும் செய்தது.

அவன் இன்னும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா, இந்த ஒத்தை மீசையை நேத்துத்தானேம்மா பிடிச்சேன்!"