இரண்டாவது துண்டு

“எங்கடை ஐயா மூண்டு அடி காணி விட்டதாலைதான் இது ஒழுங்கை. இல்லாட்டி வெறும் வேலிப் பொட்டு. நாய்தான் நுழைஞ்சு போகும்!”

கதிரவேலு இதைச் சொல்வது அன்றைக்கு நான்காவது தடவை.

கொக்குவிலில் அந்த ஒழுங்கைக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் பதினொரு வீட்டுக்கும் இலக்கம் இல்லை. பார்சல் கொண்டுவருகிறவன் சந்திக் கடையில் நின்று போன் எடுப்பான். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்கள் வீடு மாறிப் போய்ப் பலகாரம் எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான், “பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்” என்றார்கள். அந்த வீட்டில் இருந்தது மூன்று ஆண்பிள்ளைகள்.

கடைசியில் பிரதேச சபையிலிருந்து தர்சினி என்ற உத்தியோகத்தர் வந்தார். எல்லாரையும் கதிரவேலுவின் மாமரத்துக்குக் கீழே கூட்டி, “நீங்களே ஒரு பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

கேட்டிருக்கக் கூடாது.

“மூண்டு அடி விட்டவர்தான், அண்ணை. ஆனால் ஒழுங்கைக்கு லைற் போடுவிச்சது ஆர்? நான்!” என்றார் இரண்டாம் வீட்டுக் குணலட்சுமி.

“அந்த லைற் உம்மடை முத்தத்துக்கெல்லோ எரியுது!”

மூன்றாம் வீட்டுத் தம்பிஐயா செருமினார். “இந்த ஒழுங்கையிலை சமாதான நீதவான் எண்டு இருக்கிறது ஒராள்தான். அது ஆரெண்டு நான் சொல்லப்படாது.”

“சொல்லாதேங்கோவன்” என்றார் கதிரவேலு.

சத்தம் சந்திவரை கேட்டது. தர்சினி ஒரு தாளைப் பதினொரு துண்டாகக் கிழித்தார். “வீட்டுக்கு ஒரு துண்டு. ஒரு பேரை எழுதி இந்த பிஸ்கட் ரின்னுக்குள்ளை போடுங்கோ. கையெழுத்து வேண்டாம்.”

அன்றைக்குப் பிறகு கதிரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. தகப்பன் நாகமணி செத்து இருபது வருடம். அவர் பெயரைச் சொல்ல ஊரில் ஒரு கல்லுக்கூட இல்லை. இந்தப் பலகையாவது கிடைக்க வேண்டும். ஆனால் யார் போடுவார்கள்? கடைசி வீட்டு ஆழ்வாப்பிள்ளையோடு ஆறு வருடமாகக் கதை பேச்சு இல்லை. அந்த ஒரு துண்டு தனக்கு விழாது என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

நாலாம் நாள் தர்சினியின் போன் வந்தது.

“ஐயா, உங்கடை அப்பாதான் வெண்டிட்டார். நாகமணி ஒழுங்கை.”

“எத்தினை வாக்கு, பிள்ளை?”

“ரண்டு.”

“ரண்டோ?”

“மற்றப் பேருகளுக்கு ஒவ்வொண்டுதான், ஐயா.”

ஒன்று அவர் போட்டது. மற்றது? கதிரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வளவில் பழுத்திருந்த கதலிக் குலையை வெட்டிச் சீப்புச் சீப்பாகப் பிரித்துக்கொண்டு படலை படலையாக ஏறி இறங்கினார்.

“வேறை ஆர், அண்ணை? நான்தான்” என்றார் குணலட்சுமி. “பேனையைப் பிடிச்ச உடனை ஐயான்ரை முகம் வந்து முன்னாலை நிண்டுது.”

ஒரு சீப்பு.

“வாக்கு எண்டால் இரகசியம்” என்றார் தம்பிஐயா. “ஆனால் ஒரு நீதவான் பொய் சொல்லப்படாது. நான்தான்.”

இன்னொரு சீப்பு.

அடுத்த வீட்டிலும் “நான்தான்.” அதற்கடுத்த வீட்டிலும். ஒன்பது வீடு ஏறினார். அந்த ஒரு வாக்கை ஒன்பது பேரும் போட்டிருந்தார்கள். பழம் முடிந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளையின் படலைப் பக்கம் அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள், பலகையில் பெயர் எப்படி வரவேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சபைக்குப் போனார். தர்சினி கோவையை விரித்தார். பதினொரு துண்டும் வரிசையாக ஒட்டியிருந்தன.

‘குணலட்சுமி ஒழுங்கை.’

‘சமாதான நீதவான் உயர்திரு தம்பிஐயா அவர்கள் ஒழுங்கை.’ இடம் போதாமல் கடைசிச் சொல் துண்டின் பின்பக்கம் போயிருந்தது.

கதிரவேலு விரலை மடித்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பழம் வாங்கிய ஒன்பது வீட்டின் பேரும் இருந்தது. ஒரேயொரு வீட்டின் பேர்தான் இல்லை.

சைக்கிளை நேரே ஆழ்வாப்பிள்ளையின் படலையில் கொண்டுபோய்ச் சாத்தினார். ஆழ்வாப்பிள்ளை தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீயோ போட்டனி?”

“ஓம்.”

“ஏனடாப்பா? உன்ரை கொப்பற்றை பேரைப் போடாமல்...” கதிரவேலு படலையைத் தாண்டி உள்ளே வந்தார். “எங்கடை ஐயாவிலை உனக்கு அவ்வளவு மரியாதையோ?”

“கொப்பரிலை மரியாதைதான். உன்னிலைதான் பயம்.” ஆழ்வாப்பிள்ளை துணியைப் பிழிந்தார். “அந்த மனுசன் விட்டது மூண்டு அடி. நீ வேலி அடைக்கிற நேரமெல்லாம் அரக்கி அரக்கி ரண்டு அடியைத் திருப்பி எடுத்துப்போட்டாய். லான்ட்மாஸ்டர் உன்ரை வேலித் தகரத்தை உரசாமல் போக வழியில்லை. கேட்டதுக்கு ஆறு வரியமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறாய். வழக்குப் போட்டால் என்ரை பேரன்தான் தீர்ப்புக் கேப்பான். அதுதான் பேரைப் போட்டன். கொப்பற்றை பலகையையும் தள்ளிக்கொண்டு அரக்குவியோ, பாப்பம்!”

கதிரவேலு சைக்கிளை எடுத்தார்.

சனிக்கிழமை சபைத் தொழிலாளி எமில்ராஜ் பலகையும் தூணும் குழி தோண்ட அலவாங்குமாக வந்து இறங்கினான். ஒழுங்கை முகப்பில் முதல் வீடு கதிரவேலுவினுடையது.

“ஐயா, தூணை எங்கை நடுறது? உங்கடை வேலியோடை ஒட்டி நட்டால் வடிவாயிருக்கும்.”

கதிரவேலு வேலியைப் பார்த்தார். பலகையில் இருந்த தகப்பனின் பேரைப் பார்த்தார்.

“ஒட்டித்தான் நடவேணும், தம்பி. கொஞ்சம் பொறும்” என்றார். “அந்த அலவாங்கை இஞ்சை தாரும். முதலிலை வேலியைக் கழட்டுவம்.”