வாய் படாத டம்ளர்

ஊர் பேர் எதற்கு, ஒரு பல் டாக்டர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாய் கொப்புளிக்க ஓர் எவர்சில்வர் டம்ளரும், பக்கத்திலேயே ஓர் அடுக்குப் பிளாஸ்டிக் கப்புகளும் இருந்தன. டம்ளரைக் கொதிக்கவைத்துத்தான் எடுத்து வைப்பார்கள். ஆனாலும் ஒருத்தரும் தொடமாட்டார்.

"அடுத்தவங்க எச்சில்ல யாரு அண்ணே வாய் வைப்பா?" என்று சிரித்தது மேலே இருந்த கப்பு. "சாயங்காலம் உன்னைப் பழைய இரும்புக்குப் போடப்போறாங்களாம்."

"ஒரு வாய் தண்ணி, அப்புறம் குப்பைக்கூடை. உனக்கு அதுல என்ன பெருமை?" என்றது டம்ளர்.

"புதுசா வர்றேன், புதுசாவே போறேன்!"

அப்போது பல்லைச் சுத்தம் செய்துகொண்ட பூக்காரம்மா பஞ்சவர்ணம் கை நீட்டினார். நிரம்பி வழிந்த குப்பைக்கூடையைப் பார்த்தார். கப்பை விட்டுவிட்டு டம்ளரை எடுத்தார்.

"பாரு, இப்ப முகஞ்சுளிப்பா" என்றது கப்பு.

பஞ்சவர்ணம் தலையைச் சாய்த்து, டம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கொப்புளித்துத் துப்பினார்.

"அட, வீட்டுல தண்ணி குடிக்கிற மாதிரிதானே! நமக்குத் தோணலையே" என்றார் வாசலில் காத்திருந்தவர். "எனக்கும் அதையே குடுங்கம்மா."

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார். "கப்பு இனிமே வாங்க வேண்டாம். இதே மாதிரி இன்னும் பத்து டம்ளர் வாங்கு."

"அண்ணே, அப்ப என் கதி?" என்றது கப்பு மெல்ல.

கொதிதண்ணீரில் குளித்து வந்த டம்ளரை, அதற்குள் அடுத்தவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.